ஜாதகத்தில் தெரியாத ஒன்று
(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. வங்கியில் ஓய்வு பெற்றவன். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா உள்ள பையனுக்கு மாமா. அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

நடை பழகும்போதே என் மருமானுக்கு முழங்கால் வீங்கியது. நோய் இன்னதென்று தெரிந்ததும் உறவினர்கள், "அத்தை பிள்ளைக்குக் கொடுத்தீர்களே, அதனால் வந்தது" என்றார்கள். என் தங்கை பல வருஷங்கள் அதையே நினைத்து அழுதாள்.

விஷயம் அதுவல்ல. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ரத்தம் உறையத் தேவையான எட்டாம், ஒன்பதாம் காரணிகளின் மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. தகப்பனார் பிள்ளைக்குக் கொடுப்பது ஒய். நம் கோத்திரம் போகிற வழியும் அதுவே. எக்ஸ் தாயாரிடமிருந்துதான் வரும். ஆகவே அத்திம்பேர் அந்நியராக இருந்தாலும் பையனுக்கு இது வந்திருக்கலாம். அதற்காகத் தாயைக் குற்றம் சொல்வதும் அநியாயம். சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. விக்டோரியா மகாராணியின் முன்னோரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பிள்ளை லியோபோல்டுக்கு வந்தது, பெண்கள் ஆலிஸ், பீட்ரிஸ் வழியாக ரஷ்ய, ஸ்பெயின் அரண்மனைகளுக்கும் போயிற்று.

சொந்தம் பார்க்க வேண்டிய இடம் வேறு. நோயுள்ள மாமாவுக்கே, இதைச் சுமக்கும் மருமாளைக் கொடுத்தால், பிறக்கும் பெண்ணுக்கும் நோய் வரக்கூடும்.

பையனுக்கு அக்கா ஒருத்தி. அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். தங்கை இதைச் சுமப்பவள் என்று பரிசோதனையில் தெரிந்தது; எனவே பெண்ணுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வரன் பார்க்கத் தொடங்கியதும் அவளே போய் ரத்தம் கொடுத்தாள். அவளும் சுமப்பவள்தான். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர பாதி வாய்ப்பு; ஒவ்வொரு பெண்ணும் சுமப்பவளாக இருக்கவும் அப்படியே. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே பரிசோதித்துப் பார்க்க முடியும்.

"சொல்லாமல் முடித்துவிடுங்கள்" என்றார்கள் பெரியவர்கள். நானும் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அவள் கேட்கவில்லை. இரண்டு ஜாதகங்கள் திரும்பி வந்தன. மூன்றாவது வீட்டில் பையனின் அம்மா மட்டும், "பிரசவத்தில் இவளுக்கு ஏதாவது ஆபத்து உண்டா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றாத கேள்வி! சுமக்கும் பெண்களுக்கும் காரணி குறைவாக இருக்கலாமாம். அந்த மாமியே அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார். அளவு 35 சதவீதம். பல் பிடுங்குவதற்கும் பிரசவத்துக்கும் முன்பே சொல்லி வைக்க வேண்டும் என்றார்கள்.

தை மாதம் நிச்சயதார்த்தம்.