சாயத் தொட்டியும் உயிரணுவும்

(ஓரிக்கையில் நெசவாளர், சாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருமழிசையாழ்வாரும் கணிகண்ணனும் பெருமாளும் ஓரிரவு தங்கியமையால் 'ஓரிரவிருக்கை' என்று பெயர் பெற்ற இடமே ஓரிக்கை என மருவிற்று என்பர். இரவு தங்கி விடியலில் புறப்பட்டுவிடும் விருந்தினரைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நம் உடலில் சிறிது சிறிதாகப் புகும் நஞ்சும் அத்தகைய விருந்தினர்தானா என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

"துளிச் சாயம் கையிற் பட்டால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஜெர்மனியில் ஹ்யூகோ ஷுல்ஸ் என்பார் 1888-ஆம் ஆண்டிலேயே, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொல்லும் நஞ்சுகள் மிகக் குறைந்த அளவில் அதன் புளிப்பூட்டும் வேலையைத் தூண்டுவதைக் கண்டார். இவ்வகை விளைவுக்கு 1943-இல் 'ஹார்மெசிஸ்' என்று பெயரிட்டனர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? உயிரணுவுக்குள் 'கீப்-1' என்றொரு புரதம் 'என்.ஆர்.எஃப்-2' என்னும் மற்றொன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. நஞ்சு தீண்டியதும் பிடி தளர்கிறது. விடுபட்ட புரதம் உயிரணுவின் கருவுக்குள் சென்று, நஞ்சை முறிக்கும் பொருள்களை மிகுதியாக உண்டாக்கப் பணிக்கிறது. ஏரிக்கரையில் சிறு கசிவைக் கண்டவன் பறையறைந்து ஊரைக் கூட்டுவது போன்றது இது. கசிவு சிறிதாயின், கூடிய ஊரார் கரையை முன்னிலும் உறுதியாக்கிவிட்டே செல்வர். ஆனால் நாள்தோறும் பறையறைந்தால் ஊரார் எத்தனை நாள் மண்வெட்டியுடன் வருவர்? புகைபிடிப்பவர், நோயுற்றவர், கருவுற்ற தாய் ஆகியோரிடத்து அந்த ஆள்பலமும் குறைவே.

காட்மியம் என்னும் உலோகத்தின் கதை வேறு. அதனைப் பிணைத்து வைக்கும் 'மெட்டலோதயோனின்' என்ற புரதத்தை 1957-இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து கண்டெடுத்தனர். உயிரணு அந்நஞ்சைக் கட்டிப்போடுகிறது, வெளியேற்றுவதில்லை. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே பத்தாண்டுக்கு மேலாகும். ஓரிரவு விருந்தினர் அல்லர் இவர்!

இனி, நம் தொழிலுக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். பென்சிடின் முதலிய பொருள்களைக் கொண்டு செய்த அசோ சாயங்கள் வயிற்றினுள் சென்றால், குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் பிளந்து அப்பொருள்களை விடுவிக்கின்றன. பிறகு, விந்தையிலும் விந்தை, நம்மைக் காக்க வேண்டிய கல்லீரலே அவற்றை முன்னிலும் கொடியனவாக மாற்றுகிறது. அவை சிறுநீர்ப்பையை அடைந்து, உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ.யுடன் ஒட்டிக்கொள்கின்றன. பி-53 என்னும் புரதம் பழுதைக் கண்டு, அணு பிரிவதை நிறுத்திப் பழுதுபார்க்கச் செய்கிறது. இயலாவிடில் அந்த அணுவையே மாய்த்துவிடுகிறது. ஆயினும் ஒரு பழுது தப்பினாலும் போதும். பல்லாண்டு கழித்து அது புற்றாகலாம். ஆகவேதான் இவ்வகை நஞ்சுக்கு 'இவ்வளவு வரை தீங்கில்லை' என்று எல்லை வகுக்க அறிஞர் தயங்குகின்றனர். ஹார்மெசிஸைக் காட்டி இங்கே ஆறுதல் கூறுவது முறையன்று என்பது எங்கள் கருத்து.

1895-இல் லூட்விக் ரேன் என்ற ஜெர்மானிய மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளரிடம் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். ஜப்பானின் பட்டு நகரமான கியோத்தோவில் கிமோனோ உடைக்கு வண்ணம் தீட்டியோரிடம் இந்நோய் மிகுந்திருந்ததை 1971-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. தூரிகையின் நுனியை நாவால் கூர்செய்வது அவர்களிடையே இருந்த வழக்கம். ஒவ்வொரு முறையும் நாவில் பட்டது எவ்வளவு இருந்திருக்கும்? நம் நாட்டில் 1990-களில் மத்திய அரசு இத்தகைய 112 சாயங்களைத் தடை செய்தது. எல்லாச் சாயமும் நஞ்சல்ல. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தைத்தான் ஐயுற வேண்டும்.

தூரிகையை நாம் நாவில் வைப்பதில்லை என்பீர்கள். மெய்தான். ஆனால் சாயம் படிந்த விரலால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறோமே! பொடியை நிறுக்கும்போது பறக்கும் தூசு மூக்கினுள் செல்கிறது. கொதிக்கும் தொட்டியருகே ரப்பர் கையுறை அணிவது எளிதன்று என்பதை அறிவோம். எனினும் பொடியை நிறுக்கும்போதேனும் கையுறையும் மூக்குத்துணியும் அணியலாம். உணவுக்கு முன் சோப்பிட்டுக் கை கழுவலாம். சாயம் தோய்த்த பாத்திரத்தில் சமையல் கூடவே கூடாது. தொட்டி நீர் குடிநீர்க் கிணற்றருகே போகலாகாது.

வலியின்றிச் சிறுநீர் சிவந்து ஒருமுறை போய், மறுநாள் தானே தெளிந்துவிட்டாலும் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எத்தனை ஆண்டு சாயத்தொட்டியில் நின்றீர்கள் என்பதை மருத்துவர் கேளாவிடினும் நீங்களே சொல்லுங்கள்.