சுமை மேல் பழி போட்டேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. இந்தக் கைக்குச் செங்கல் பிடிச்சுத்தான் பழக்கம். தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

நான் 16 வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறேன். சும்மாடு வைத்து, ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டு செங்கல் ஏற்றுவேன். ஒரு கல் 3 கிலோ என்று வைத்தாலும் 30 கிலோவுக்கு மேல் ஆகிறது. மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்துத்தான் தூக்குவோம். உங்களில் பல பேருக்கு அது தெரியும்.

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சுமையை இறக்கிவிட்டு எச்சில் துப்பினேன். சிவப்பாக வந்தது. கூட வேலை பார்த்த அக்கா, "பளு தூக்குறோமில்ல, உடம்புச் சூடு. அப்படித்தான் வரும்"னு சொன்னாங்க. நானும் நம்பினேன். பிரஷ் வைத்தாலும் ரத்தம் வந்ததால் பிரஷையே விட்டுவிட்டேன். கரித்தூளும் உப்பும் போட்டு விரலால் தேய்த்தேன். வலி தெரியாமல் இருக்க வெற்றிலையோடு புகையிலையும் அடக்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஈறுல ரத்தம் வருதுன்னு யாராவது வேலைக்கு லீவு போடுவாங்களா?

இப்படியே ஒன்றரை வருஷம் போச்சு. ஒரு நாள் குழுக் கூட்டத்தில் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தாங்க. கடித்தேன். பழமெல்லாம் ரத்தம். மறைக்கப் பார்த்தேன், எங்கள் ஊக்குநர் அக்கா பார்த்துவிட்டார். "ஏம்மா, கால்ல ரத்தம் வந்தா கட்டுப் போடுவ. வாயில வந்தா முழுங்கிட்டு இருப்பியா?" என்று கேட்டார். மறுநாள் அவரே என்னை அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குக் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, கீழ்ப்பல்லின் உள்பக்கத்தைக் காட்டினார். மஞ்சளாகக் கல் மாதிரி ஒட்டியிருந்தது. நான் பார்க்கிற வேலையை வைத்தே விளக்கினார். "கலவை ஈரமா இருக்கும்போது துடைச்சா போயிடும். காஞ்சு இறுகிட்டா உளிதான் வேணும். பல்லுல படியற அழுக்கும் அப்படித்தான். தினமும் துலக்கினா போயிடும். விட்டா காரையா இறுகிடும். அதுல இருக்கிற கிருமிதான் ஈறை வீங்க வைக்குது" என்றார்.

"சுமை தூக்கறதால இல்லையாம்மா?" என்று கேட்டேன். "நல்ல ஈறா இருந்தா நீ எத்தனை கல்லு தூக்கினாலும் ரத்தம் வராது. வீங்கின ஈறு, மூச்சை அடக்கிப் பல்லைக் கடிக்கும்போது கசியலாம். சுமை நோயைக் கொண்டு வரல, இருந்த நோயைக் காட்டிக் கொடுத்துச்சு" என்றார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ரத்தம் வருதுன்னு பிரஷை விட்டது, வீடு ஒழுகுதுன்னு கூரையைப் பிரிச்ச கதை.

ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றுமாம். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் அடங்காதாம்.

காரை எடுத்தால் பல் ஆடும் என்று ஊரில் சொல்வாங்க. அப்படி இல்லை. காரை போனதும் பல் இடுக்கு காலியாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. புகையிலை அடக்கின இடத்தில் ஈறு இறங்கிப் போயிருந்தது. முன்னமே போயிருந்தால் அந்த இரண்டும் இருந்திருக்கும்.

இப்போது காலையிலும் ராத்திரி படுக்கும் முன்னும் மெதுவான பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துத் துலக்குகிறேன். மூணு மாசத்துக்கு ஒரு பிரஷ். கரி, செங்கல் பொடி எதுவும் கிடையாது. அவை பல்லைத் தேய்க்கும், ஈறையும் புண்ணாக்கும். புகையிலையை விட்டுட்டேன். அதை விடறதுதான் கல் சுமக்கறதைவிடக் கஷ்டமா இருந்துச்சு. டீக்குச் சர்க்கரை போடுவதில்லை. சர்க்கரை மாத்திரையும் தவறாமல் போடுகிறேன். இன்றைக்கும் அதே சுமைதான் தூக்குகிறேன். ரத்தம் இல்லை.

இன்னும் சில விஷயம் சொல்லி முடிக்கிறேன். மாசமாக இருக்கிற பிள்ளைகளுக்கு ஈறு சீக்கிரம் வீங்கும். அவங்க துலக்குவதை விடக் கூடாது, பல் டாக்டரிடமும் காட்டணும். காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும். வாயில் புண்ணோ வெள்ளைப் படையோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் கட்டாயம் காட்டணும். புகையிலை போடுகிறவங்க அதைத் தள்ளிப் போடவே கூடாது.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். மாசம் ஒரு கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும் "யாருக்காவது ஈறில் ரத்தம் வருதா?" என்று ஒரு கேள்வி கேளுங்க. கை தூக்கினவங்களோடு துணைக்கு ஒரு ஆள் போங்க. கடனை நாம ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பேற்று வாங்கறோம். ஆஸ்பத்திரிக்கும் அப்படியே போவோம்.

எனக்குத் துணைக்கு வந்த ஊக்குநர் அக்காவுக்கும் அன்றைக்கு ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கடனைத்தான் இன்றைக்கு இந்த மேடையில் கொஞ்சம் அடைச்சிருக்கேன்.