பண்ணில் மறையும் ஊர்ப்பேச்சு

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

நேற்று மாலை வேள்விச்சாலையில் ஓதுவார் மூவர் ஒருங்கு நின்று தேவாரம் பாடினர். ஒருவர் திருநெல்வேலிச் சீமையினர். ஒருவர் கொங்கு நாட்டினர். மற்றவர் யாழ்ப்பாணத்தினின்று வந்தவர். பாட்டு ஒரே குரலாக எழுந்தது. எவர் எந்த ஊரினர் என்பதைச் செவியால் பிரித்தறிய இயலவில்லை. பின்னர் மூவரும் அன்னதானப் பந்தியில் அமர்ந்தனர். ஒருவர் மற்றவரை நோக்கி, “சாப்பாடு நல்லாருக்கா அண்ணாச்சி?” என்றார். “ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்று விடை வந்தது. மூன்றாமவர், “இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோவன்” என்று உபசரித்தார். மூன்று நாடுகளும் ஒரு நொடியில் வெளிப்பட்டன! பரிமாறிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, பாடும்போது மட்டும் இவர்கள் பேச்சு எங்கே போயிற்று?” என்று வினவினாள். அவ்வினாவே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஊர்ப்பேச்சு என்று நாம் சொல்வது யாது? சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது உண்மையே. ஆனால் தேவாரத்தில் சொற்களைத் தேர்ந்து தந்தவர்கள் நாயன்மார்கள். அவற்றை மாற்ற எவர்க்கும் உரிமையில்லை. சொற்களை ஒதுக்கிவிட்டால் எஞ்சி நிற்பன மூன்று: குரல் ஏறி இறங்கும் முறை ஒன்று, எழுத்துக்களை நீட்டியும் குறுக்கியும் கூறும் அளவு மற்றொன்று, ஒவ்வோர் எழுத்தையும் நாவும் இதழும் ஒலிக்கும் இயல்பு மூன்றாவது. பாடும்போது இம்மூன்றுக்கும் என்ன நேர்கின்றது என்று காண்போம்.

முதலாவது குரலின் ஏற்ற இறக்கம். ஒருவர் தொலைவில் நின்று பேசினால் சொல் விளங்காதபோதும் ஊர் விளங்கிவிடும். வினவும்போது குரல் எங்கே உயர்கின்றது, முடிக்கும்போது எங்கே தாழ்கின்றது என்பது ஒவ்வொரு வட்டாரத்திற்கும் உரிய தனி அடையாளம். பாடத் தொடங்கியவுடன் அவ்வேலையைப் பண் தன்கையில் எடுத்துக்கொள்கின்றது. எந்தச் சுரத்தில் ஏறவேண்டும், எதில் இறங்கவேண்டும் என்பதைப் பண்ணே விதிக்கின்றது. நெல்லைக்கென ஒரு காந்தார பஞ்சமம், கோவைக்கென ஒரு காந்தார பஞ்சமம் என்று இரண்டில்லை.

இரண்டாவது எழுத்தின் அளவு. குறிலுக்கு மாத்திரை 1, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு அரை என்பது நம் இலக்கணம். ‘நாடு’, ‘பாட்டு’ முதலிய சொற்களின் இறுதியில் நிற்கும் குற்றியலுகரத்திற்கும் அரை மாத்திரையே. பேச்சில் சில வட்டாரத்தார் இவற்றை இழுப்பர், சிலர் விழுங்குவர். பாட்டிலோ தாளமும் இசையும் எழுத்தின் அளவைப் புதிதாக வகுக்கின்றன. அரை மாத்திரை உகரமும் முழு அளவு பெற்று நீள்கின்றது. இசைக்காக எழுத்து நீள்வதை நம் முன்னோர் அறிந்தே ‘இன்னிசை அளபெடை’ என்று பெயரிட்டனர். உயிரெழுத்தே பாட்டைத் தாங்குவது. ககர தகரம் போன்ற வல்லொற்றை எவராலும் நீட்டிப் பாடவியலாது. உயிர் நீண்டு ஒலிக்கும் இடத்தில் பேச்சின் அவசரத்திற்கு இடமேது?

ஆகவே மூன்றனுள் இரண்டைப் பாட்டே கவர்ந்துகொள்கின்றது. பாடுவோர் முயலாமலே இது நிகழ்கின்றது. “எங்கள் நாக்கு நாட்டுப்புற நாக்கு, நாங்கள் பதிகம் பாடலாமா?” என்று கூசி ஒதுங்கி நிற்கும் அன்பர்கள் பலரை யான் அறிவேன். அவர்கட்கு ஒன்று சொல்வேன். ஊர்ப்பேச்சு குற்றமன்று, அது தாய் தந்த சீதனம். வாய் திறந்து பாடுங்கள். உங்கள் பேச்சைப் பண் தானே ஏந்திக்கொள்ளும்.

மூன்றாவதாகிய எழுத்தொலியில்தான் கவனம் வேண்டும். இது தானாக மாறுவதன்று. ‘பழம்’ என்பது சென்னைப் பக்கத்துப் பேச்சில் ‘பயம்’ ஆகின்றது; தென்பாண்டி நாட்டுப் பேச்சில் ‘பளம்’ ஆகின்றது. பாட்டில் இரண்டும் தாமாகத் திருந்திவிடும் என்று எண்ணற்க. தியாகராச சுவாமிகளின் தெலுங்குக் கீர்த்தனங்களை நம்மவர் பாடுவதைக் கேளுங்கள். தெலுங்கில் ககரம் நான்கு வகை. தமிழில் எழுத்து ஒன்றே. பயிற்சியில்லாத தமிழ்நா அந்நான்கின் வேறுபாட்டைக் காட்டத் தவறுவதைத் தெலுங்கர் உடனே கண்டுகொள்வர். இராகமும் தாளமும் பிழையின்றி அமைந்தபோதும் எழுத்தொலி பாடுவோரின் தாய்மொழியைக் காட்டிக்கொடுக்கின்றது.

பாட்டே எழுத்தைக் கெடுக்கும் இடமும் உண்டு. குரல் உச்சிக்கு ஏறும்போது வாய் அகலத் திறக்கவேண்டியுள்ளது. அப்போது இகரம் எகரத்தின் பக்கமும், உகரம் ஒகரத்தின் பக்கமும் சாய்கின்றன. நம் மொழியிலோ ஓர் எழுத்துப் பிறழின் பொருளே பிறழும். இறைவன் ‘தாள்’ திருவடியாகும். ‘தாழ்’ கதவின் தாழ்ப்பாளாகும். கொங்கு நாட்டுக் கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் பாட்டைக் கேட்டோர் அறிவர்: குரல் எத்துணை உயரம் சென்றாலும் எழுத்து மங்காது நிற்கும். அத்தெளிவு பயிற்சியின் பயனேயன்றித் தற்செயலாக வாய்ப்பதன்று.

அவ்வாறாயின் ஓதுவார் மூவரின் எழுத்தொலியும் ஒன்றுபட்டது எங்ஙனம்? ஆசிரியர் வாயிலாகத்தான். ஓதுவார் மாணவர் ஏட்டைப் பார்த்து மட்டும் கற்பதில்லை. ஆசிரியர் பாடக் கேட்டு, அவர் நா புரண்டவாறே தம் நாவைப் புரட்டிக் கற்கின்றனர். தாளமின்றிச் சொல் விளங்கப் பாடும் சுத்தாங்கம், தாளத்தோடு பாடும் பண்ணாங்கம் ஆகிய இருமுறையிலும் மாணவரின் எழுத்தைத் திருத்தியவர் ஆசிரியரே. பாடும்போது கேட்பது மாணவரின் ஊரன்று; ஆசிரியரின் வாய்.

இக்காலத்துக் குழந்தைகள் கைப்பேசியில் பதிவைக் கேட்டுப் பதிகம் கற்கின்றனர். அதுவும் நன்றே. ஆயினும் பதிவு பாடிக்காட்டுமேயன்றித் திருத்தாது. ‘வாழை’யை ‘வாளை’ என்று குழந்தை பாடினால், “மீண்டும் சொல், கண்ணே” என்று கைப்பேசி கூறுமோ?

இதனை முதலாம் இராசராச சோழன் உணர்ந்திருந்தான் என்றே எண்ணுகின்றேன். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய அம்மன்னன், கல்லோடும் பொன்னோடும் அமையவில்லை. திருப்பதியம் விண்ணப்பம் செய்வோர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்க ஏற்பாடு செய்தான். அக்கோயிலின் கல்வெட்டு இதனை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

அன்பர்களே! கோபுரம் எழுந்தது, கலசம் பொன்போல் ஒளிர்கின்றது. இவை உங்கள் கொடை. இன்னும் ஒரு கொடை எஞ்சியுள்ளது. நாற்பத்தெட்டுப் பேர் நமக்கு வேண்டா. ஓர் ஓதுவார் போதும். அவர் காலையும் மாலையும் சந்நிதியில் பாடவும், அந்திவேளையில் ஊர்க்குழந்தைகட்குக் கற்பிக்கவும் நிலையான பொருள் ஒன்றை வையுங்கள். செங்கல்லையும் சுதையையும் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் வாய்க்கு வரும் ஒலி ஒரு தலைமுறை அறுந்துவிடின், அதனைப் புதுப்பிக்க எந்தச் சிற்பியாலும் ஆகாது.

அச்சிறுமிக்கு யான் கூறிய விடையையே உங்கட்கும் கூறி அமைகின்றேன். “அம்மா, அவர்கள் பேச்சு எங்கும் போய்விடவில்லை. பண் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. தாளம் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. மிச்சத்தை அவர்களுடைய ஆசிரியர் திருத்தினார். பாட்டு முடிந்ததும் பேச்சு திரும்ப வந்துவிட்டது” என்றேன். அவள், “எனக்கு யார் ஐயா திருத்துவார்?” என்றாள். அதற்கு விடை கூறவேண்டியவர்கள் நீங்கள்.

இறைவன் திருவருள் எல்லோர்க்கும் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.