மேஜைக்கு அடியில இருக்கிற அந்தப் பெட்டி
(சிறுதொழில் செய்வோருக்கான இணையவழி உரையின் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு கேள்வி. உங்கள் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் எல்லாம் எந்தப் பெட்டியோட இணைஞ்சிருக்கு? "மூலையில இருக்கே, அந்தப் பெரிய சிபியுங்க" என்பீர்கள். அதுதான் டவர் சர்வர். கணக்கு, ஸ்டாக், வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் அதுக்குள்ளதான். ஆனால் அது நின்னாத்தான் நாம அதைத் திரும்பிப் பார்க்கிறோம்.

எங்க வீட்டுக் கதையையே சொல்றேன். விருதுநகரில் என் பெரியப்பாவுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் மொத்த வியாபாரம். மூணு பில் கவுன்ட்டர், ஒரு டவர் சர்வர். அதில் 3 ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5 முறையில். அதாவது, ஒரு டிஸ்க் போனாலும் மற்ற இரண்டை வைத்து வேலை ஓடும். ஒரு டிஸ்க் போச்சு. முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு வாரக்கணக்கில் எரிஞ்சது. "ஓடுதுல்ல, விடு" என்று இருந்துவிட்டோம்.

கடைசியில் ஒரு சர்வீஸ் ஆள் வந்தார். திரையில் 'டிஸ்க் 1' பழுது என்று வந்தது. அவர் முதல் டிஸ்க்கை உருவினார். பல சர்வர்களில் எண் 0-லிருந்து தொடங்கும். அங்கே 'டிஸ்க் 1' என்றால் இரண்டாவது டிஸ்க். நல்ல டிஸ்க் வெளியே வந்ததும் சர்வர் நின்றது. பதற்றத்தில் அவர் புது டிஸ்க்கைப் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக அமைத்துவிட்டார். இருந்த கணக்கும் போச்சு. "பேக்கப் இருக்கே" என்றார் பெரியப்பா. இருந்தது, அதே சர்வரின் 'டி' டிரைவில்! நான்கு மாதம் பேப்பர் பில்லைப் பார்த்து மறுபடி டைப் செய்தோம். நானும் லீவில் போய் உட்கார்ந்தேன்.

இது வெறும் அலைச்சல் மட்டும் இல்லைங்க. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். "டிஸ்க் போயிடுச்சு சார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, நாம என்ன செய்யலாம்? உங்க கையில இருக்கிற செல்போன்தான் முதல் கருவி.

சர்வரின் முன்பக்கம், பின்பக்கம், லேபிள் மூன்றையும் போட்டோ எடுங்க. லேபிளில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும். டெல் பெட்டியில் அதற்கு 'சர்வீஸ் டேக்' என்று பெயர். வாரன்டி இருக்கா, எந்தப் பாகம் பொருந்தும் என்பதை அந்த எண்ணை வைத்தே நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். எல்லாம் நல்லா ஓடுறப்போ விளக்குகள் எந்த நிறத்தில் இருக்குன்னு ஒரு வீடியோவும் எடுத்து வைங்க. நாளைக்கு நிறம் மாறினா உடனே தெரியும். ஆரஞ்சு எரிஞ்சா அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்க.

அடுத்து, பாகம் வாங்கும்போது கவனம். சர்வர் மெமரி பெரும்பாலும் 'இசிசி' வகை. சின்னப் பிழை வந்தால் தானே திருத்திக்கொள்ளும். அதிலும் யுடிம், ஆர்டிம் என இரண்டு உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. டிஸ்க்கிலும் சாட்டா, சாஸ் என வகை உண்டு. பழையதன் லேபிள் போட்டோவைக் காட்டி, அதே வகையில், அதே அளவோ கூடுதலோ வாங்குங்க. சின்ன டவர்கள் பலவற்றில் டிஸ்க்கை ஓடும்போது கழற்றவே கூடாது. பவரை அணைத்த பிறகுதான்.

மூன்றாவது, தூசியும் சூடும். பெட்டியைத் தரையில் வைக்காதீங்க; பெருக்குற தூசி முழுக்க அதுதான் இழுக்கும். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாதீங்க. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. சூடாகுதேன்னு மூடியைத் திறந்து போட்டு ஓட்டுவது தப்பு. மூடி இருந்தால்தான் காற்று சரியான வழியில் போகும். சுத்தம் செய்யும்போது முறைப்படி ஷட்டவுன் செய்து, பிளக்கை உருவி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்க. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடிச்சுக்கோங்க.

கடிகாரம் அடிக்கடி தப்பா காட்டுதா? உள்ளே இருக்கிற சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சின்னச் செலவுதான். ஆனா பில்லில் தேதி மாறினா பெரிய வம்பு.

கரன்ட் போனால் யுபிஎஸ் இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யுஎஸ்பி கேபிள் போட்டு, அதற்கான சாஃப்ட்வேரையும் போட்டா, பேட்டரி தீரும் முன்பே சர்வர் தானாக ஒழுங்காக நின்றுவிடும்.

இப்போ முக்கியமான விஷயம். ரெய்டு என்பது பேக்கப் இல்லைங்க! டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாத்தும். ஊழியர் தெரியாமல் அழித்தாலோ, ரான்சம்வேர் வைரஸ் வந்தாலோ அது காப்பாத்தாது. எளிய கணக்கு 3-2-1: மொத்தம் 3 பிரதி, 2 வகைச் சாதனத்தில், 1 பிரதி கடைக்கு வெளியே. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்தால், எடுத்ததும் கழற்றி வைங்க. மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை, பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. திறக்காத பேக்கப்பை நம்பாதீங்க.

சர்வீஸ் ஆள் வந்தால், பெட்டியைத் தொடும் முன் மூன்று கேள்வி கேளுங்க. "இன்றைய பேக்கப் எடுத்தாச்சா? எந்த டிஸ்க், எண் 0-லிருந்தா 1-லிருந்தா? ஏதாவது தப்பானா அடுத்து என்ன செய்வீங்க?" கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவருக்கும் அது பாதுகாப்புதான். சர்வர் நின்றுவிட்டால், 'புதிதாக அமை', 'இனிஷியலைஸ்' என்று திரையில் வருவதை அழுத்த விடாதீங்க. டிஸ்க்குகளை எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே குறித்து வைத்து, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் போங்க. பெரியப்பா கடையில் அங்கேயே நிறுத்தியிருந்தால், உருவிய டிஸ்க்கை வைத்துக் கணக்கை மீட்க வழி இருந்திருக்கும்.

சர்வரில் ஓடும் சாஃப்ட்வேருக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 2016-க்கு 2027 ஜனவரி வரைதான். இணையவழிப் பண மோசடி நடந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

பழைய பெட்டியைக் காயலான் கடையில் எடைக்குப் போட வேண்டாம். டிஸ்க்கில் உங்க வாடிக்கையாளர் விவரம் இருக்கு. அதை முழுமையாக அழித்த பிறகு, மின்கழிவு மறுசுழற்சிக்கு அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்க.

இன்றைக்குக் கடை சாத்தும் முன் இரண்டே வேலை. அந்தப் பெட்டியின் விளக்கை ஒரு போட்டோ எடுங்க. பேக்கப்பிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்க. திறந்தால் நிம்மதியா தூங்கலாம். திறக்கலைன்னா, அது இன்றைக்கே தெரிந்தது நல்லதுதானே!