வாடகை வீட்டில் ரிப்பேர்: யார் கணக்கில் எது?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உரிமையாளர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கலந்துதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருவருக்கும் பொதுவாகவே பேசுகிறேன்.

வாடகை வீடுகளுக்கென்று தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை எந்த ரிப்பேர் யாருடையது என்பதற்கு அதன் இரண்டாம் அட்டவணையே கணக்கு.

கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், பைப்லைன், வயரிங் எல்லாம் உரிமையாளர் செலவு. கட்டடத்துக்கு வாடகைதாரரே சேதம் செய்திருந்தால் அது அவர் தலையில். டேப், வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை வாடகைதாரர் செலவு. நாம் பைப்பையும் குழாய் என்கிறோம், டேப்பையும் குழாய் என்கிறோம். பாதிச் சண்டை அதிலேயே வருகிறது. புகார் எழுதும்போது சுவருக்குள் ஒழுகுகிறதா, வெளியே ஒழுகுகிறதா என்று குறிப்பிடுங்கள்.

இப்போது பெயின்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. அட்டவணைப்படி அது உரிமையாளர் வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. எனவே வாடகைதாரர்களே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கீசரும் அப்படித்தான். அதன் ரிப்பேரை அட்டவணை வாடகைதாரரிடம் விடுகிறது. பத்து வருஷக் கீசரை மாட்டிவைத்துவிட்டு, நேற்று வந்தவரிடம் காயில் போனதற்குக் காசு கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. உரிமையாளர்கள் இதை ஒப்பந்தத்திலேயே தங்கள் பக்கம் எழுதிக்கொள்ளலாம்.

உரிமையாளர் தன் வேலையைச் செய்ய மறுத்தால், வாடகைதாரர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகைதாரர் மறுத்தால் உரிமையாளர் அட்வான்ஸில் கழிக்கலாம். எதுவானாலும் முதலில் எழுத்தில் கேளுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்கும் ஈரம் மட்டும் இந்த இருவர் கணக்கில் அடங்காது. அன்றே போட்டோ எடுத்து உங்கள் உரிமையாளருக்கும் சங்கத்துக்கும் அனுப்புங்கள். மேல்வீட்டாரிடம் சங்கம் பேசும்.

குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாகப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள். சாமான் இறக்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு சுவர் தெரியாது.