வேடம் தருகிறார்கள், இடம் தருகிறார்களா?

(தருமபுரியில் கூத்து, நாடகக் கலைஞர்களின் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நடிகனுக்கு சாதி உண்டா?" என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். வேடம் கொடுப்பவருக்கு சாதி இருக்கிறது. பார்க்க வருபவருக்கும் இருக்கிறது. நடுவில் நிற்கும் நடிகன் மட்டும் எப்படித் தப்பிப்பான்?

நான் இந்த மாவட்டத்துச் சேரியில் பிறந்தவன். அப்பா எங்கள் கூத்து செட்டில் தருமர் வேடம் கட்டியவர். கிரீடம் வைத்துவிட்டால் விடிய விடிய அவர் தருமராஜா. பெரியவர்களே எழுந்து கும்பிடுவார்கள். விடிந்து அரிதாரத்தைக் கலைத்ததும், அதே ஆட்கள் "டேய்" என்பார்கள். டீ தனி டம்ளரில் வரும்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2023 ஜூன் மாதம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டார்கள். ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள். பாஞ்சாலி கதையை நாம் ஆடலாம். பாஞ்சாலி கோயிலுக்குள் மட்டும் போகக்கூடாது.

சினிமாவில் சாதி பார்க்கமாட்டார்கள் என்று நம்பித்தான் சென்னைக்குப் போனேன். "எந்த ஊரு தம்பி?" "தருமபுரி." "தருமபுரியில எந்தப் பக்கம்?" 2012 நவம்பர் 7-க்குப் பிறகு இந்த இரண்டாவது கேள்வி தவறாமல் வந்தது. நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்ட நாள் அது. கேட்டவர்களுக்கு எரிந்த வீடுகளைப் பற்றிக் கவலை இல்லை. நான் எரித்தவன் பக்கமா, எரிக்கப்பட்டவன் பக்கமா என்று தெரியவேண்டும். தெரிந்த பிறகு எனக்கு வந்த வேடங்கள்: அடியாள், குடிகாரன், திருடன். "உன் முகத்துக்கு இதுதான் பொருந்தும்" என்றார்கள்.

எந்த முகத்துக்கு எந்த வேடம் என்பதை சாதி முடிவு செய்வது புதிதல்ல. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்'-இல் பி.கே. ரோஸி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். அதற்காக அவரை விரட்டினார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, நடித்ததையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் பிரதிகூட இன்று இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு பெயரில் நடந்தது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் போர்ட்டோ ரிக்கோ பெண்ணாக நடித்த ரீட்டா மொரேனோ, நிஜத்திலும் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அவருக்கே கறுப்பாக மேக்கப் பூசினார்கள். அதே படத்தில் போர்ட்டோ ரிக்கோ நாயகி வேடத்தை வெள்ளைக்கார நடிகையான நாட்டலி வுட்டுக்குக் கொடுத்தார்கள். 1962-இல் மொரேனோ ஆஸ்கர் வாங்கினார். அதன் பிறகும் அதே மாதிரி வேடங்களே தேடி வந்தன. பல ஆண்டுகள் ஹாலிவுட் படங்களை விட்டு விலகியே இருந்தார்.

ஆக, விருது வந்துவிட்டால் இடம் வந்துவிடாது.

அப்படியென்றால் எப்போது வரும்? 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் அப்பாவாக வந்த நெல்லை தங்கராஜ் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வேடமிட்டு ஆடும் நாட்டுப்புறக் கலைஞர் அவர். படத்திலும் அப்படிப்பட்ட கலைஞராகவே வந்தார். கேலி செய்யப்பட்டு வந்த அந்த வேடத்தின் முன்னால் தமிழ்நாடே தலைகுனிந்து நின்றது. கதை எழுதியவர் நம் பக்கத்திலிருந்து எழுதியதால்தான் அது நடந்தது. ஆனால் படம் பேசப்பட்ட பின்னும் அவர் சிதிலமான வீட்டில்தான் இருந்தார். செய்தி வந்த பிறகே உதவி வந்தது. 2023-இல் மறைந்தார். நல்ல வேடம் மட்டும் போதாது என்பதையும் அவர் வாழ்க்கை சொல்கிறது.

இங்கே இருக்கும் தம்பி தங்கைகள், "சேரி என்று சொன்னால் வாய்ப்பு போய்விடுமே அண்ணா" என்கிறீர்கள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. கேட்பவன்தான் வெட்கப்பட வேண்டும், நீங்கள் அல்ல. ஆனால் தனித்தனியாக ஒளிந்துகொண்டால் தனித்தனியாகத்தான் அடி வாங்குவோம்.

அதனால் ஒரு முடிவை முன்வைக்கிறேன். தனி டம்ளர் வைக்கும் ஊரில், நம் சனங்களை ஓரமாக உட்காரவைக்கும் களத்தில், எந்த செட்டும் ஆடக்கூடாது. பங்குனி, சித்திரையில் கிடைக்கும் ஆட்டங்களை நம்பித்தான் ஆண்டு முழுக்க அடுப்பு எரிகிறது என்பது எனக்கும் தெரியும். ஒரு செட்டு மறுத்தால் இன்னொரு செட்டைக் கூப்பிடுவார்கள். எல்லா செட்டும் மறுத்தால் அவர்கள் யோசிக்க வேண்டும். ஆட்டம் இழக்கும் செட்டுக்கு மற்ற செட்டுகள் பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பொது நிதியை இன்றே தொடங்குவோம்.

தருமர் வேடம் கட்டத் தெரிந்த நமக்கு, தருமம் எது என்று கேட்கவும் உரிமை உண்டு. ஜெய்பீம்.