பானும் பாணும்: கடன்சொல் வந்த வழி



ரொட்டியை ஜப்பானியர் 'பான்' என்பர். இலங்கைத் தமிழர் 'பாண்' என்பர். இவருள் ஒருவர் மற்றவரிடமிருந்து பெற்ற சொல்லன்று இது. போர்த்துக்கீசியர் 1505இல் இலங்கையையும் 1543இல் ஜப்பானையும் அடைந்தனர். ரொட்டியைக் குறிக்கும் அவர்தம் சொல் மூக்கொலி கலந்த உயிரோசையில் முடியும். அம்மூக்கொலியே இரு மொழிகளிலும் இறுதி மெய்யாயிற்று.

ஈப்போ மாணவர் தமிழில் 'சன்னல்' என்றும் மலாயில் 'ஜெண்டேலா' என்றும் வழங்குகின்றனர். மலாயிலிருந்து தமிழுக்கு வந்ததோ என வினவுவோர் உளர். மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியர் வசமானது. தமிழகக் கடற்கரையிலும் அவர்கள் வாணிகம் செய்தனர். ஒரே மூலச்சொல்லை இரு மொழிகளும் தனித்தனியே பெற்றன.

இதற்கு மாறான மயக்கமும் உண்டு. ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த 'லயம்', இசைவாணர் கூறும் லயமன்று. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழ் ஈறு பெற்று அவ்வாறு நின்றது.

இன்று பேராக்கில் ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. லயங்கள் மறைந்தன, அவ்வழக்குகளை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். பிறமொழிச் சொல்லென்று அவற்றை ஒதுக்கினால் நம்மவர் வாழ்ந்த வரலாற்றின் சான்றும் உடன் அழியும். ஆகவே மாணவர்களே, உங்கள் பாட்டி, தாத்தாவிடம் தோட்டச் சொற்களைக் கேட்டு, ஒலிப்பைத் திருத்தாமல், தோட்டத்தின் பெயரோடு எழுதிவையுங்கள். எச்சொல்லை ஏற்பது, எதனை விலக்குவது என்பதைப் பின்னர் ஆராயலாம்.